குடியிருந்த மண்



ஒருவன் தன் கையால் மண் பிசைந்து ஒரு குடிசை கட்டுகிறான். சுவர் அவனுடைய உழைப்பு. கூரை அவனுடைய உழைப்பு. வாசலில் நிற்கும் தென்னையும் அவன் நீர் வார்த்து வளர்த்ததே. ஆயினும் அந்தக் குடிசை நிற்கும் மண் அவனுக்குச் சொந்தமன்று. நிலக்காரர் மனம் கோணினால், மறுநாட் காலையில் அவன் சட்டி பானைகளுடன் தெருவில் நிற்க நேரும். கேரளத்தில் இப்படிப் பிறர் மண்ணில் குடியிருந்தவர்களைக் 'குடிகிடப்புக்காரர்' என்று அழைத்தார்கள். அவர்களுடைய பாட்டனும் அங்கேதான் பிறந்திருப்பான்; அவனும் அங்கேதான் மாண்டிருப்பான். எனினும் ஒரு பிடி மண்ணையும் 'இது என்னுடையது' என்று சொல்ல அவர்களுக்கு உரிமை இருந்ததில்லை.

இந்நிலையைச் சட்டத்தின் வாயிலாக மாற்ற முடியுமா? துப்பாக்கியின்றி, இரத்தம் சிந்தாமல், வாக்குச் சீட்டையும் சட்டசபையையும் கொண்டே நில உறவுகளைத் திருத்திவிட முடியுமா? இக்கேள்விக்கு விடை காண முயன்றவர்களுள் ஒரு பெண்மணியைப் பற்றியே இன்று உங்களுடன் பேச விரும்புகிறேன். அவர் பெயர் கே. ஆர். கௌரியம்மா. 1919ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 14ஆம் நாள் பிறந்து, 2021ஆம் ஆண்டு மே 11ஆம் நாள் மறைந்தார். நூற்றியொரு வயதுக்கு மேல் நீண்ட அவ்வாழ்வில், கேரளத்தின் நிலச் சட்ட வரலாறு முழுவதும் அடங்கியிருக்கிறது என்று கூறுதல் மிகையாகாது.

ஆலப்புழை மாவட்டத்துச் சேர்த்தலைத் தாலூகாவில் பட்டணக்காடு என்பது அவர் பிறந்த ஊர். வேம்பநாட்டுக் காயலின் மேற்குக் கரையில், கயிறு திரிப்பவரும் கள்ளிறக்குபவரும் மீன் பிடிப்பவரும் நெருங்கி வாழ்ந்த பகுதி அது. காயலின் மறு கரையில்தான் வைக்கம் இருக்கிறது. கௌரி ஐந்து வயது நிரம்பாத குழந்தையாக இருந்தபோது, 1924இல், வைக்கம் கோயிலைச் சூழ்ந்த வீதிகளில் எல்லாச் சாதியாரும் நடக்க உரிமை வேண்டிச் சத்தியாக்கிரகம் தொடங்கியது. தமிழகத்திலிருந்து பெரியார் ஈ. வெ. ராமசாமி சென்று சிறைப்பட்ட போராட்டம் அதுவே என்பதை மாணவர்கள் அறிவீர்கள். கௌரி பிறந்த ஈழவ சமூகமும் அவ்வீதிகளில் நடக்க உரிமை மறுக்கப்பட்டிருந்த சமூகங்களுள் ஒன்று. எனினும், ஸ்ரீ நாராயண குரு ஊட்டிய தன்மான உணர்ச்சியால் கல்வியிலும் தொழிலிலும் அது முன்னேறிக் கொண்டிருந்தது.

கௌரியின் தந்தையார் இராமன் ஓரளவு வசதி படைத்தவர். மகளைப் படிக்க வைப்பது வீண் செலவு என்று பலரும் கருதிய காலத்தில், அவர் தம் மகளை எர்ணாகுளத்துக்கு அனுப்பிக் கல்லூரிக் கல்வி அளித்தார். அதன்மேல் சட்டமும் பயில வைத்தார். ஈழவ சமூகத்துப் பெண்களுள் முதன்முதலாகச் சட்டப் பட்டம் பெற்றவர் என்று கௌரியம்மாவைக் குறிப்பிடுவார்கள். படிப்பு முடித்ததும் சேர்த்தலைக்குத் திரும்பி வழக்கறிஞர் தொழிலை மேற்கொண்டார்.

அவர் இளமையில் கண்ட ஊர் அமைதியான ஊர் அன்று. 1946ஆம் ஆண்டு அக்டோபரில், திவான் சி. பி. ராமசாமி ஐயரின் ஆட்சியை எதிர்த்துப் புன்னப்பிரையிலும் வயலாரிலும் தொழிலாளர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். திருவாங்கூர்ப் படையினர் சுட்டதில் பலர் மாண்டார்கள். வயலார் கௌரியின் ஊருக்கு அண்மையில் உள்ளது. அந்த இரத்தம் உலருமுன்னரே அவர் பொதுவாழ்வில் இறங்கிவிட்டார். பி. கிருஷ்ண பிள்ளை என்னும் தலைவரின் தூண்டுதலால் கம்யூனிஸ்டுக் கட்சியில் சேர்ந்தார். 1948இல் திருவாங்கூர்ச் சட்டசபைத் தேர்தலில் நின்று தோற்றார். பின்னர்ச் சிறை. காவலில் தாம் அடைந்த கொடுமைகளைப் பற்றி அவர் பிற்காலத்தில் ஒளிவு மறைவின்றிப் பேசியதுண்டு. 1952இலும் 1954இலும் திருவாங்கூர்–கொச்சிச் சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளன்று மொழிவழி இராஜ்யங்கள் அமைந்தன. திருவாங்கூரின் தென்பகுதியான கன்னியாகுமரி நம்மோடு சேர்ந்தது. மலபார் கேரளத்தோடு சேர்ந்தது. புதிய கேரளம் 1957இல் தன் முதல் தேர்தலைக் கண்டது. 126 இடங்களுள் 60 இடங்களைக் கம்யூனிஸ்டுக் கட்சி வென்றது. அதன் ஆதரவு பெற்ற சுயேச்சைகள் ஐவர் துணை நின்றனர். ஏப்ரல் 5ஆம் நாள் இ. எம். எஸ். நம்பூதிரிபாட் தலைமையில் பதினொரு பேர் கொண்ட மந்திரிசபை பதவியேற்றது. அப்பதினொருவருள் பெண் ஒருவரே. முப்பத்தேழு வயதான கௌரி, வருவாய்த் துறை மந்திரியானார்.

வருவாய்த் துறை என்றால் என்ன என்று மாணவர்கள் கேட்கலாம். நிலவரி, பட்டா, குத்தகை, வெளியேற்றம் ஆகிய அனைத்தும் அத்துறையைச் சார்ந்தவை. அக்காலக் கேரளத்தில் நில உரிமை ஒரு மாடிப்படி போன்றது. உச்சியில் ஜன்மி, அவரிடம் காணம் என்னும் உரிமையில் நிலம் பெற்றவர் அடுத்த படியில், அவரிடம் வெறும்பாட்டத்துக்கு நிலம் எடுத்து உழுபவர் அதற்கும் கீழே, அடிப்படியில், உழவும் அறுப்பும் செய்து கூலி பெற்று, பிறர் மண்ணில் குடிசை போட்டிருக்கும் தொழிலாளி. இவருட் பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட சமூகத்தவர். விளைச்சல் கீழிருந்து மேலே ஏறியது. அதிகாரம் மேலிருந்து கீழே இறங்கியது.

புதிய அரசாங்கம் நிலச் சட்டம் கொண்டுவரும் என்பது எல்லோரும் அறிந்த செய்தி. ஆகவே, சட்டம் வருமுன் குத்தகைதாரரை வெளியேற்றிவிடுவதில் நில உடைமையாளர்கள் முனைவார்கள் என்பதும் எதிர்பார்க்கத் தக்கதே. நோய் முற்றுமுன் மருந்து கொடுப்பது போல, பதவியேற்ற ஆறாம் நாளே, ஏப்ரல் 11ஆம் தேதி, எந்தக் குத்தகைதாரரையும் குடிகிடப்புக்காரரையும் வெளியேற்றலாகாது என்று ஓர் அவசரச் சட்டம் பிறந்தது. அது யாருக்கும் நிலம் வழங்கவில்லை. இருந்தவர்களை இருந்த இடத்திலேயே இருக்க விட்டது. கேரளத்து நிலச் சீர்திருத்தத்தின் அடித்தளம் இந்த எளிய தடையே என்பது என் கருத்து. பிந்தி வரும் பெரிய சட்டத்தைவிட முந்தி வரும் சிறிய சட்டம் சில வேளைகளில் அதிகப் பயன் தரும்.

அவ்வாண்டு டிசம்பரில் விவசாய உறவு மசோதாவைக் கௌரி சட்டசபையில் கொண்டுவந்தார். குத்தகைதாரருக்கு நிலையான உரிமை, நியாயமான குத்தகை, உழுபவரே நிலத்தை விலைக்கு வாங்கிக்கொள்ளும் வழி, ஒரு குடும்பம் வைத்திருக்கக்கூடிய நிலத்துக்கு உச்சவரம்பு ஆகியவை அதன் சாரம். ஐவர் அடங்கிய குடும்பத்துக்கு இருபோக நிலம் 15 ஏக்கர் என்பது வரம்பு. ஒப்புநோக்குவதற்காக ஒன்று கூறுகிறேன்: நமது சென்னை இராஜ்யத்தில் 1961இல் வந்த சட்டம் வைத்த வரம்பு 30 தரப்படுத்திய ஏக்கர். தோட்டப் பயிர்களுக்குக் கேரள மசோதா விலக்கு அளித்தது. தேயிலையையும் இரப்பரையும் துண்டு போட்டால் தொழில் கெடும் என்பது அதற்குக் கூறப்பட்ட காரணம். இந்த விலக்கினால் பின்னாளில் விளைந்த பூசல்கள் பல.

மசோதா 1959 ஜூனில் நிறைவேறியது. ஆனால் அதே ஜூனில் வெளியே வேறொரு புயல் வீசியது. கல்வி மந்திரி ஜோசப் முண்டசேரி கொண்டுவந்த கல்விச் சட்டம் தனியார் பள்ளி நிர்வாகிகளைச் சினங்கொள்ளச் செய்திருந்தது. கிறிஸ்தவத் திருச்சபையினரும், நாயர் சமுதாயத் தலைவர் மன்னத்து பத்மநாபனும், காங்கிரசும் ஏனைய கட்சிகளும் ஒன்று சேர்ந்து 'விமோசன சமரம்' என்னும் விடுதலைப் போராட்டத்தைத் தொடங்கினர். போலீசார் சுட்டதில் உயிர்கள் பலியாயின; ஆட்சியின் நற்பெயருக்கு அது பெருங் களங்கமாயிற்று. ஜூலை 31ஆம் நாள், அரசியல் சட்டத்தின் 356ஆவது பிரிவின்கீழ், மத்திய அரசாங்கம் மந்திரிசபையை நீக்கிவிட்டது. சட்டசபையில் பெரும்பான்மை இருந்தும் ஒரு மந்திரிசபை இவ்வாறு நீக்கப்பட்டது சரியா என்னும் விவாதம் பல்லாண்டுகள் நடந்தது. 1960இல் நடந்த தேர்தலில் கட்சிக்குக் கிடைத்த இடங்கள் 29 மட்டுமே. ஆனால் அது பெற்ற வாக்குகளின் விகிதம் முன்னைவிடக் கூடியிருந்தது. எதிரணிகள் ஒன்றுபட்டதன் விளைவு அது. வாக்கும் இடமும் ஒன்றல்ல என்பதற்கு இதனினும் நல்ல பாடம் அரிது.

மந்திரி போனார், மசோதா என்னாயிற்று? குடியரசுத் தலைவரின் ஒப்புதலுக்குச் சென்று திருத்தங்களுக்காகத் திரும்பியது. புதிய அரசாங்கம் திருத்தி நிறைவேற்றியதும், 1961இல் ஒப்புதல் கிடைத்தது. அவ்வாண்டின் இறுதியில் சுப்ரீம் கோர்ட்டு, காசர்கோட்டுப் பகுதியின் ரயத்துவாரி நிலங்களைப் பொறுத்தவரை அச்சட்டம் செல்லாது என்றது. 1963இல் வேறொரு நிலச் சீர்திருத்தச் சட்டம் வந்தது. ஏட்டில் சட்டங்கள் மாறின. வயலில் மாறியது சிறிதே.

இதற்கிடையில் அவருடைய இல்லத்திலும் அரசியல் புகுந்தது. 1957இல், அதே மந்திரிசபையில் தொழிலாளர் நலத்தையும் போக்குவரத்தையும் கவனித்த டி. வி. தாமஸைக் கௌரி மணந்திருந்தார். ஈழவப் பெண்ணும் கிறிஸ்தவ ஆணும் செய்துகொண்ட அம்மணத்தை ஒரு புதிய காலத்தின் அடையாளமாகப் பலர் வரவேற்றனர். 1964இல் கம்யூனிஸ்டுக் கட்சி இரண்டாகப் பிளந்தது. தாமஸ் பழைய கட்சியில் நின்றார். கௌரி மார்க்சிஸ்டுக் கட்சியில் சேர்ந்தார். 1967இல் ஏழு கட்சிக் கூட்டணி ஆட்சி அமைத்தபோது இருவரும் மீண்டும் மந்திரிகளாயினர். ஆனால் இரு வேறு கட்சிகளின் சார்பில். கட்சிகளின் பகைமை வளர வளரக் கணவன் மனைவியரிடையே இருந்த பிளவும் ஆழ்ந்தது. தாமஸ் 1977இல் காலமானார். கொள்கை பெரிதா, குடும்பம் பெரிதா என்று வினாவி எளிதில் தீர்ப்புச் சொல்பவர்கள், அவ்விருவரும் அதற்கு அளித்த விலையை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இரண்டாம் முறை வருவாய்த் துறையை ஏற்ற கௌரியம்மா, பத்தாண்டுகளுக்கு முன் விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். 1969இல் நிறைவேறிய நிலச் சீர்திருத்தத் திருத்தச் சட்டம் அவருடைய உழைப்பின் பயன். குத்தகை முறையையே அது ஒழித்தது. குத்தகைதாரரின் நிலத்தில் நிலக்காரருக்கு இருந்த உரிமை அரசாங்கத்தைச் சேர்ந்தது. உழுபவர் அதை வாங்கிக்கொள்ளலாயினர். குடிகிடப்புக்காரருக்கோ, பஞ்சாயத்துப் பகுதியில் 10 சென்டு, நகராட்சியில் 5 சென்டு, பெருநகரில் 3 சென்டு என்று, தாம் குடியிருந்த மண்ணைக் குறைந்த விலையில் வாங்கும் உரிமை கிடைத்தது. பத்துச் சென்டு என்பது செல்வருக்கு ஒரு தோட்டத்தின் மூலை; ஏழைக்கோ அது யாரும் விரட்ட முடியாத வாசற்படி.

ஆனால் விதியின் விளையாட்டைப் பாருங்கள். அச்சட்டம் நடைமுறைக்கு வருமுன்னரே மந்திரிசபை வீழ்ந்தது. 1970 ஜனவரி முதல் நாள் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர், 1957இல் அவருடன் நிதி மந்திரியாக இருந்த சி. அச்சுத மேனன். அப்போது அவர் எதிர் முகாமின் முதல் மந்திரி. சட்டத்தை இயற்றிய பெருமை யாருக்கு, நிறைவேற்றிய பெருமை யாருக்கு என்று இரு கட்சிகளும் நெடுநாள் வாதாடின. எனக்குத் தோன்றுவது இதுதான்: எழுதியவர் இல்லாமல் நிறைவேற்றியவர் இல்லை, நிறைவேற்றியவர் இல்லாமல் எழுதியது காகிதமே. உரிமைச் சீட்டைக் கையில் பெற்ற உழவனுக்கு அதிற் கையெழுத்திட்டவரின் கட்சி எது என்பது இரண்டாம் பட்சம்.

இங்கே சட்டம் பயிலும் மாணவர்கள் ஒன்றைக் குறித்துக்கொள்ளலாம். இச்சட்டத்தை எதிர்த்து, காசர்கோட்டை அடுத்த எடநீர் மடத்தின் தலைவர் கேசவானந்த பாரதி 1970இல் சுப்ரீம் கோர்ட்டுக்குச் சென்றார். 13 நீதிபதிகள் கேட்ட அவ்வழக்கின் தீர்ப்பு 1973 ஏப்ரல் 24ஆம் நாள் வெளிவந்தது. அரசியல் சட்டத்தைத் திருத்தப் பார்லிமெண்டுக்கு அதிகாரம் உண்டு. ஆனால் அதன் அடிப்படைக் கட்டமைப்பைச் சிதைக்க அதிகாரம் இல்லை என்பது ஏழு நீதிபதிகளின் பெரும்பான்மை முடிவு. கேரளத்து வயலிலும் குடிசையிலும் எழுந்த ஒரு பூசல், நாடு முழுமைக்கும் ஒரு காவற் சுவரை எழுப்பிவிட்டது.

கௌரியம்மாவின் பின்னாள் வாழ்க்கை இத்துணை நேரான பாதையில் செல்லவில்லை. 1987இல் இடதுசாரி முன்னணி வென்றபோது, அவரே முதல் மந்திரியாவார் என்று மக்கள் பரவலாக எதிர்பார்த்தனர். தேர்தற் கோஷங்களிலும் அவர் பெயர் முழங்கியது. கட்சியோ இ. கே. நாயனாரைத் தேர்ந்தெடுத்தது. கௌரியம்மா தொழில் மந்திரியானார்; 1990இல் திருவனந்தபுரத்தில் டெக்னோபார்க் தோன்றியது அவர் அப்பதவியில் இருந்த காலத்திலேயே. ஆயினும் கட்சிக்கும் அவருக்கும் இடையே மனக் கசப்பு வளர்ந்தது. 1994இல் ஒழுங்கை மீறினார் என்று கட்சி அவரை வெளியேற்றியது. எழுபத்தைந்தை நெருங்கிய வயதில், ஜனாதிபத்திய சம்ரட்சண சமிதி என்னும் சொந்தக் கட்சியைத் தொடங்கினார். தாம் ஆயுள் முழுவதும் எதிர்த்த காங்கிரசின் அணியில் சேர்ந்தார். 2001 முதல் 2006 வரை அவ்வணியின் ஆட்சியில் மந்திரியாகவும் இருந்தார். அவரைப் போற்றியவர்களுள் பலர் இதனால் வருந்தினர். அந்த வருத்தம் நியாயமற்றது என்று நான் சொல்ல மாட்டேன். கேரளம் இன்றளவும் ஒரு பெண்ணை முதல் மந்திரியாக்கியதில்லை என்பதையும் அதோடு சேர்த்து எண்ண வேண்டும்.

எனினும், அந்தப் பிற்காலத்தில்தான் அவர் வாழ்வின் மிகச் சிறந்த நிமிடங்களுள் ஒன்று வருகிறது. பழங்குடி மக்களிடமிருந்து பறிபோன நிலங்களை மீட்டுக் கொடுக்க 1975இல் கேரளம் ஒரு சட்டம் இயற்றியது. அது நெடுங்காலம் நடைமுறைக்கு வராமலே கிடந்தது. நிலத்தில் குடியேறியிருந்தவர்கள் எண்ணிக்கையில் மிகுந்தவர்கள்; பழங்குடியினர் வாக்கோ சொற்பம். ஆகவே, எல்லா அரசாங்கங்களும் தயங்கின. 1996இல், அச்சட்டத்தின் மூலாதாரத்தையே தளர்த்தும் ஒரு திருத்தம் சட்டசபைக்கு வந்தது. ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் அதை ஆதரித்தன. எதிர்த்து ஒலித்த குரல் ஒன்றே. அது கௌரியம்மாவின் குரல். 140 உறுப்பினர் கொண்ட சபையில் ஒரு குரல் எதையும் தடுக்காது. ஆனால் 1957இல் அவசரச் சட்டம் கொண்டுவந்த அதே பெண் அன்றும் அவ்விடத்தில் இருந்தாள் என்பதை அது காட்டியது.

அவருடைய சட்டத்தின் குறைகளையும் சொல்லியாக வேண்டும். குத்தகைதாரர் நிலம் பெற்றனர். ஆனால் சேற்றில் இறங்கி உழைத்த தாழ்த்தப்பட்ட தொழிலாளிக்குக் கிடைத்தது பெரும்பாலும் அந்தப் பத்துச் சென்டு மட்டுமே. பெருந்தோட்டங்கள் முழுமையாகத் தப்பின. உச்சவரம்புக்கு மேற்பட்ட நிலம், வருமெனக் கணக்கிட்ட அளவுக்கு அரசாங்கத்தின் கைக்கு வரவில்லை. சட்டம் வரத் தாமதமான பன்னிரண்டு ஆண்டுகளில் நிலங்கள் உறவினர் பெயருக்கும் பிறர் பெயருக்கும் மாற வழியிருந்தது. நீதி தாமதமாகும்போது அது பாதியாகக் குறைந்தே வந்து சேருகிறது. ஆனால் ஜன்மி முறை ஒழிந்தது. குடிசைக்காரன் நிமிர்ந்து நின்றான். கூலி உயர்வு கேட்டால் வீட்டை விட்டுத் துரத்துவார்கள் என்னும் அச்சம் நீங்கிய பிறகே, அவனால் கூலி உயர்வு கேட்க முடிந்தது. பிள்ளையை வேலைக்கு அனுப்பாமல் பள்ளிக்கு அனுப்ப முடிந்தது.

மாணவர்களே, அரசியல்வாதிகளின் வாழ்க்கையைப் படிக்கும்போது நாம் பதவிகளை எண்ணுகிறோம். வெற்றி தோல்விகளைக் கூட்டிக் கழிக்கிறோம். அவ்வாறு எண்ணினால், முதல் மந்திரியாகாமலே போன ஒருவர் என்று கௌரியம்மாவைப் பற்றி ஒரு வரியில் முடித்துவிடலாம். நான் வேறு கணக்கை உங்கள் முன் வைக்கிறேன். ஒரு மசோதாவைக் கையிலெடுத்து, ஆட்சி கலைந்தும், நீதிமன்றம் தடுத்தும், கட்சி பிளந்தும், இல்லம் சிதறியும், பன்னிரண்டாண்டு கழித்து அதே மேசையில் அமர்ந்து அதே வேலையை முடித்தவர்கள் நம் நாட்டில் எத்தனை பேர்? அந்த எண்ணிக்கை மிகச் சிறியது.

2021 மே மாதத்தில், கொள்ளை நோய் ஊரையெல்லாம் வீட்டுக்குள் அடைத்திருந்த நாட்களில், அவருடைய உடல் ஆலப்புழையிலுள்ள வலிய சுடுகாட்டில் எரியூட்டப்பட்டது. அவரைக் கட்சிக்கு அழைத்துவந்த கிருஷ்ண பிள்ளையின் நினைவிடம் அங்கேதான் உள்ளது. கட்சியால் அவரைப் பிரிந்த தாமஸின் நினைவிடமும் அங்கேதான் உள்ளது. உயிரோடிருந்தபோது சேர்ந்து நிற்க முடியாதவர்களை அந்த மண் ஓரிடத்தில் சேர்த்துவைத்திருக்கிறது. அடுத்த முறை நீங்கள் ரயிலில் அவ்வழியே செல்ல நேர்ந்தால், தென்னைகளுக்கிடையே தெரியும் சிறு சிறு வீடுகளைச் சற்று உற்று நோக்குங்கள். அவற்றுட் பல, ஒரு காலத்தில் பிறர் மண்ணில் நின்ற குடிசைகள். இன்று அவை தம் சொந்த மண்ணில் நிற்கின்றன.